வெந்நீர்த் தொட்டிப் பெரியவர்கள்

போன வாரம் எங்கள் தெருச் சங்கத்தில் வயதானவர்களைக் கூட்டி வைத்து மரியாதை செய்தார்கள். மரியாதை என்றால் ஒரு சால்வை, ஒரு பிஸ்கட் பொட்டலம், பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் முழுக்க உட்கார வைப்பது. சித்திரை மாதம். திருவொற்றியூரில் சித்திரை மாதம் ஒருவருக்குச் சால்வை போர்த்தினால் அதற்கு வேறு பெயர். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். தொட்டிலில் விரிக்க ஆகும்.

பிறகு ஒரு தம்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். சந்தோஷமாக வாழ்வதற்கு ஆளுக்கு ஓர் அறிவுரை சொல்ல வேண்டுமாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் நடக்கணும். கீரை சாப்பிடணும். கோபப்படக்கூடாது. எல்லாரையும் மன்னிக்கணும். என் பக்கத்து நாற்காலிக்காரர் பொறுமையைப் பற்றிப் பேசினார். அவர் கையிலிருந்து மைக்கை வாங்க இரண்டு பேர் வர வேண்டியதாயிற்று.

என் முறை வந்தது. "வெந்நீர்ல குளிங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. கை தட்டினார்கள். அம்மா தமாஷ் பண்ணுகிறார் என்றார் அந்தத் தம்பி. எனக்குத் தமாஷ் பண்ண வராது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மகன் குளியலறையில் கீசர் மாட்டிவைத்திருக்கிறான். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது அணைந்தால் தண்ணீர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சோப்பை எடுத்துக் கையில் இரண்டு தேய்ப்பு தேய்த்தேன். நுரை முழங்கை வரைக்கும் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் கதவைத் தட்டி, உள்ளே விழுந்துவிட்டேனா என்று கேட்டாள். சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போவாள். "வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டீர்கள்.

அந்தக் காலத்துத் திருவொற்றியூர்த் தண்ணீரைப் பற்றி இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. கிணற்றில் இறைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் கடல். பருப்பை அடுப்பில் ஏற்றினால் விறகுதான் வேகும், பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும். சோப்போ அதில் நுரைக்கவே நுரைக்காது. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். வேட்டியிலிருந்து கரி போகிறதோ இல்லையோ, சோப்பை எடுக்க இன்னொரு தரம் துவைக்க வேண்டும். தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வரும். வந்ததும் போய்விடும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் குடிக்கவும் சோறு பொங்கவும் ஆகிற அளவுக்குக் கிடைக்கும்.

நான் அங்கே வாழ்க்கைப்பட்டது சுதந்திரம் வந்த சமயம். பிறந்த ஊர் காத்திவாக்கம். புகுந்த வீடு கம்பெனி லைன் வீடு. ஒரே அறை, அதில் என் மாமனார், நான், அவர். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதவும் கை வரவில்லை. அவர் கம்பெனியில் பாய்லர் வேலை. கரி அள்ளிப் போடுவது ஒரு வேலை, நேரத்துக்குச் சங்குக் கயிற்றை இழுப்பது இன்னொரு வேலை. காலைச் சங்கு, மதியச் சங்கு, சாயங்காலச் சங்கு. ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எழுந்தது, சாப்பிட்டது. அவ்வளவு பெரிய சத்தத்தைக் கையில் வைத்திருந்த மனுஷன் வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஒருவேளை சங்கிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதோ என்னவோ.

பாய்லர் கட்டடத்தின் பின்சுவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வேலை முடிந்த நீராவி, தண்ணீராகி அதன் வழியாக விழும். விழுகிற இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டி நிரம்பி, மீதி வாய்க்காலில் ஓடிக் கடலுக்குப் போகும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அந்த வாய்க்காலில் சும்மா கை அலம்பினேன். கையில் துணி துவைத்த சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நுரைத்தது பாருங்கள்! உப்பில்லாத தண்ணீர். தொட்டியில் விழும்போது நல்ல சூடு. லேசாக இரும்பு வாடை அடிக்கும். அடித்தால் என்ன? லைன் வீட்டில் அதைவிட நல்ல வாடை எதுவும் அடித்துவிடவில்லை.

அப்படி ஒரு தண்ணீர் வீட்டுக்குப் பின்னாலேயே விழுந்துகொண்டிருக்கும்போது பெண்கள் எதற்காக உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டினார்கள் என்று கேட்பீர்கள். தொட்டியில் இடமில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று பேர். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, கால்களைத் தண்ணீரில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கால்களை அலசி ஆறின தண்ணீர்தான் வாய்க்காலுக்கு வரும். காலைச் சங்குக்கு உட்கார்ந்தால் மதியச் சங்குக்குச் சாப்பிட எழுவார்கள்; அப்போது எங்களுக்குப் பரிமாறுகிற வேலை. மறுபடி உட்கார்ந்தால் சாயங்காலச் சங்கு, அதோடு குழாயும் நின்றுவிடும். கம்பெனிக்குள் வேலை செய்தவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. அந்தப் பக்கம் யார் போனாலும் கூப்பிட்டு நிறுத்தி, வாழ்க்கையில் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். காலுக்கு இதமாக இருந்தால் வாய்க்கு வேலை வந்துவிடுகிறது.

முதலாமவர் என் மாமனார், துரைக்கண்ணு. பாய்லர் முன்னால் நின்றே வயதானவர். "சோறு துன்னசொல்லோ பேசாத, பேசசொல்லோ துன்னாத. இத்த புடிச்சிகினா போதும், நூறு வயசு" என்பார். அவர் சாப்பிடாமல் இருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். அந்த வகையில் சொன்னபடி நடந்தவர்தான்.

இரண்டாமவர் தாசு மாமா. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். "எது கெடச்சாலும் சிரிச்சிகினே துன்னு. அது ஒடம்புல ஒட்டும்" என்பார். மீன் குழம்பில் புளி குறைந்ததென்று அவர் வீசிய தட்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து விழுந்ததுண்டு. அவர் மனைவி, மகளைப் பார்க்க ராயபுரம் போனவர், வருஷக்கணக்காக அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாமவர் மஸ்தான் பாய். துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். மேல்சட்டைப் பையில் ஒரு கெடிகாரம் வைத்திருப்பார். வெள்ளைக்கார மாலுமி ஒருவன் கொடுத்ததாம். நல்ல மனுஷன், குரலே உயராது. "தூங்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் மன்னிச்சிடணும்மா. மனசு லேசா பூடும்" என்பார். ஓர் ஆட்டுக்குட்டி விஷயத்தில் கூடப் பிறந்த தம்பியோடு அவர் பேச்சை நிறுத்தி, அந்த ஆட்டுக்குட்டி பிரியாணியாகி, அதன் பேரன் பேத்திகளும் பிரியாணியாகிவிட்டன. இவர் தினமும் மன்னித்துவிட்டுத்தான் தூங்கினார். தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் நிறையச் சொன்னார்கள். புதுப் பெண் என்றால் சொல்லாமல் விடுவார்களா? காதில் வாங்கிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பெண் குழந்தை பிறந்தது. அதற்கும் சொன்னார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி, தன் பிள்ளையை ஒரு தரம்கூடக் குளிப்பாட்டியிராதவர்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

குழந்தை உட்காரத் தொடங்கிய சமயம் அதற்குச் சிரங்கு வந்தது. கரித்தூள், உப்புத் தண்ணீர், வேர்வை. கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் முதலில் வந்து, பிறகு காதுக்குப் பின்னால் நீர் வடிய ஆரம்பித்தது. கை பட்டால் வீறிடும். பால் குடிக்க மடியில் போட்டால், உடம்பு என் மேல் உரசுவதால் அதற்கும் அழும். பசியிலும் அழும். தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒரு களிம்பு கொடுத்தார். "தெனம் வெந்நீர்ல சோப்பு போட்டுக் கழுவிட்டு இதைப் பூசுங்க. கழுவாம பூசினா பிரயோஜனம் இல்ல" என்றார்.

விறகு ரேஷன். சோற்றுக்கே பற்றாது. இருந்ததில் கொஞ்சத்தை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். உப்பு, புண்ணில் பட்டதும் குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அழுகை வெளியே வர நேரமாயிற்று. அதோடு அதை விட்டேன்.

குடத்தையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.

"இன்னாமே, கொயந்தய தூக்கிகினு இங்க வந்து நிக்கிற?" என்றார் மாமனார்.

"சிரங்கு மாமா. வெந்நீர்ல கய்வ சொன்னாரு. ஒரு கொடம் புடிச்சிகினு போயிடறேன்."

"கொடத்த கொயாய்ல வச்சா தொட்டிக்குத் தண்ணி வராது. தண்ணி வரலன்னா சூடு பூடும். சூடு பூட்டா நாங்க காலு வச்சிகினு கீறது இன்னாத்துக்கு?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

தாசு மாமா சட்டம் பேசினார். "கம்பெனிக்கு ஒயச்ச காலுக்குத்தான் கம்பெனி தண்ணி. அதான் ரூலு."

அவர் கப்பலில் சோறு வடித்தவர். மஸ்தான் பாய் துறைமுகம். மூன்று ஜோடிக் காலில் கம்பெனிக்கு உழைத்தது ஒரு ஜோடிதான்.

"பொறுமையா இரும்மா" என்றார் மஸ்தான் பாய். "பொறுமையா கீறவங்கள சந்தோசம் தேடிகினு வரும்."

வெந்நீரில் காலைப் போட்டுக்கொண்டு பொறுமையாக இருப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். அவள் புருஷனும் கரி அள்ளுகிறவர். துணி துவைத்துத் துவைத்து அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லியாடி? லைன்ல கீற அத்தினி பேருக்கும் ஆசைதான். யாரு போயி அதுங்க கால எடுன்னு சொல்றது?" என்றாள். பிறகு, அனுசரித்துப் போவதைப் பற்றி அவளும் கொஞ்ச நேரம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது பேசக்கூடாது என்பதை அந்த வீட்டில் உண்மையாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான். கை கழுவினார். குழந்தைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படுத்துவிட்டார். எனக்கு அறிவுரை சொல்லாத ஒரே ஆளும் அவர்தான். அந்த நல்ல குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மறுபடி தொட்டிக்குப் போனேன். இந்தத் தடவை குடத்தை நேராகக் குழாய்க்குக் கீழே வைத்தேன். தாசு மாமா காலால் அதைத் தள்ளினார். குடம் வாய்க்காலில் உருண்டது. கோபத்தில் தள்ளவில்லை, சிரித்துக்கொண்டேதான் தள்ளினார். எதையும் சிரித்துக்கொண்டே செய்ய வேண்டும் என்பதுதானே அவர் கொள்கை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமனார் கோபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோபம் உடம்புக்குக் கெடுதல், பெண்களுக்கு ரொம்பக் கெடுதல், குடும்பத்துக்கு அதைவிடக் கெடுதல்.

"கோவம் வந்துச்சுன்னு வையி, நேரா வூட்டுக்குப் போ. ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடி. அப்பாலிக்கா பாரு, கோவம் எங்க பூட்ச்சின்னே தெரியாது."

பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது. வீட்டுக்குப் போனேன். குழாய்த் தண்ணீர் தீர்ந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். அந்த உப்புக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது. குழந்தையைத் தோளில் போட்டேன். மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு, கடற்கரையோடு வடக்கே பார்த்து நடந்தேன்.

காத்திவாக்கத்தில் என் அம்மா முற்றத்தில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வா" என்றாள். குழந்தையை வாங்கித் துணியை விலக்கிப் பார்த்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவே இல்லை. அண்ணன் வேலு ராத்திரி சாப்பிடும்போது, "இருக்கறதுன்னா இரு. போறதுன்னா சொல்லு, கூட்டிகினு போயி வுடறேன்" என்றான். அவ்வளவுதான். அந்த வருஷம் நான் கேட்டதில் அதுதான் சுருக்கமான பேச்சு. இன்றுவரை நினைவிருக்கிறது.

ஆனால் அங்கேயும் தண்ணீர் உப்புதான். சொல்லப்போனால் முகத்துவாரம் பக்கத்தில் இருப்பதால் உப்பு அதிகம். மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடிக்க நல்ல தண்ணீர் எடுப்பார்கள். பொழுது முழுக்க உட்கார்ந்தால் ஒரு குடம். அதில் பாதியைக் காய்ச்சிக் குழந்தைக்கு ஊற்றினேன். அண்ணன் கட்டுமரத்தில் கொண்டுபோகும் தண்ணீர் குறைந்தது. இருந்ததை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். காய்ச்சல் இறங்கியது. புண் கூடவில்லை. ஆறவும் இல்லை. இப்படியே ஓட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போனால் அங்கே தொட்டியில் ஆறு கால்கள் இருக்கும் என்பதும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாய்லருக்கு லீவு, தொட்டியில் தண்ணீர் இருக்காது. அதனால் பெரியவர்களுக்கு நேரம் இருந்தது. எண்ணூர் ரயிலில் வந்து இறங்கி மணலில் நடந்து வந்தார்கள். முன்னால் மாமனார். அவருக்குப் பின்னால் தாசு மாமாவும் மஸ்தான் பாயும். எல்லாருக்கும் பின்னால், வாழைப்பழச் சீப்போடு அவர். கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைக்க ஆட்களோடு வருவது வழக்கம்தான். சம்பந்தி வீட்டார் வந்தால் வாசலிலேயே கால் கழுவத் தண்ணீர் கொடுப்பதும் வழக்கம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிணற்றுத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைத்தேன்.

மார்கழி மாதம். முகத்துவாரக் காற்று. பச்சைத் தண்ணீர். மாமனார் ஒரு சொம்பை மொண்டு காலில் ஊற்றினார்.

"ஸ்ஸ்... யப்பா!" என்று ஒரு குதி குதித்தார். தாசு மாமா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் கால்களெல்லாம் பச்சைத் தண்ணீரைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்குமோ. தெருவில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

உட்கார்ந்தார்கள். பேசினார்கள். குடும்பம் என்றால் என்ன என்று மாமனார் தொடங்கினார். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பதைப் பற்றித் தாசு மாமா, மன்னிப்பதைப் பற்றி மஸ்தான் பாய். அம்மா இறாலைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள். அண்ணன் வாழைப்பழம் தின்றான்.

கடைசியில் மாமனார் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் ரோஸ் கலரில் வாசனைச் சோப்பு. "கொயந்தைக்கு வாங்கியாந்தேன். இத்த போட்டு குளிப்பாட்டு. பெரியவங்க சொல்றத கேட்டுக்கினு சந்தோசமா இரு. கெளம்பு" என்றார்.

நான் உள்ளே போனேன். குழந்தையை எடுத்து வந்து துணியை விலக்கி, மாமனார் எதிரில் பாயில் விட்டேன். வாளியில் மீந்திருந்த தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

"நீங்களே குளிப்பாட்டுங்க மாமா. சோப்பு நுரைச்சா இப்பவே கெளம்பறேன்."

"இன்னாமே பேசற? நான் ஆம்பள."

"கை ரெண்டும் கீது இல்ல?" என்றாள் அம்மா. அன்று அவள் பேசிய முதல் பேச்சு.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் பின்வாங்குகிற ஜாதி இல்லை. சட்டையை மடித்துக்கொண்டு கையை நனைத்தார். சோப்பைத் தேய்த்தார். வழுக்கியது. மறுபடி நனைத்தார், மறுபடி தேய்த்தார். வெள்ளையாகத் திரிதிரியாகக் கையில் ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவிவிட்டு மறுபடி தேய்த்தார்.

"பொறுமையா தேய்டா தொரைக்கண்ணு" என்றார் மஸ்தான் பாய். பழக்க தோஷம்.

"சிரிச்சிகினே தேய் மாமு!" என்று வலைக்காரர்களில் ஒருவன் குரல் கொடுத்தான். தாசு மாமாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

ரோஸ் சோப்பு தேய்ந்து சில்லுப் போல ஆகிவிட்டது. நுரை வரவில்லை. கை நிறைய உப்புத் தண்ணீரோடு, வந்தது வரட்டும் என்று மாமனார் குழந்தையின் கழுத்து மடிப்பைத் தொட்டார்.

அது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சத்தம் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. முகம் சிவந்து கறுத்தது. மாமனார் கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் அவர் குழந்தையை முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரே அறையில்தான் இருந்தோம்; ஆனால் அவர் பகல் முழுக்கத் தொட்டியில் இருப்பார். குழந்தை எப்போதும் துணிக்குள் இருக்கும். காதுக்குப் பின்னால் பார்த்தார். இடுக்கைப் பார்த்தார். பிறகுதான் குழந்தைக்கு அழுகை வந்தது. அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

மாமனார் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கையில் ஒட்டிய சோப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும்பா" என்றார் மஸ்தான் பாய், மெதுவாக. "கால எடுத்துடலாம்."

மாமனார் தொண்டையைச் செருமினார். "காலச் சங்குலேர்ந்து மதியச் சங்கு வரிக்கும் பொம்பளைங்க. அப்பாலிக்கா நாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரல் பழையபடி ஆயிற்று. "பொம்பளைங்க வெந்நீர்ல பொயங்கினா குடும்பத்துக்கு நல்லது. இத்த நான் எப்பத்திலேர்ந்தோ சொல்லிகினு தான் கீறேன். எவன் கேட்டான்?"

ஆமாம் ஆமாம் என்றார் தாசு மாமா. சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார். எங்கள் காதுதான் சரியில்லை.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "நீ இன்னா சொல்ற?" என்றேன்.

"சங்கு நான்தான் ஊதறேன்" என்றார்.

இது என்ன பதில் என்று அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கும் விளங்கவில்லை. ஊதுகிறவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதியதும் போனேன். பாக்கியம் அக்கா எனக்கு முன்னால் நின்றாள். யாரும் சொல்லாமலே லைன் முழுக்க வந்திருந்தது. முதலில் குழந்தைகள், பிறகு துணி. என் பெண்ணைத் தொட்டி விளிம்பில் உட்கார வைத்து, ரோஸ் சோப்பில் மிஞ்சியிருந்த சில்லைத் தேய்த்தேன். நுரை அவள் தலைக்கு மேலே நின்றது. முதலில் பயந்தாள். பிறகு அதைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

தை பிறப்பதற்குள் புண்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. அவளுக்கு இப்போது வயதாகிவிட்டது. தோலுக்கு என்ன பூச வேண்டும் என்று போனில் எனக்குச் சொல்கிறாள்.

தொட்டி விஷயத்தில் ஒரு சிக்கல். இத்தனை பெண்கள், இத்தனை துணி. மதியச் சங்குக்குள் முடியாது. பெரியவர்கள் மூன்று பேரும் அதற்கு முன்னாலேயே வந்து எதிர்ச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். சங்கு ஊதியதும் இறங்கிவிடுவார்கள். அதில் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுப்பது பெண்கள் செய்ய வேண்டியது அல்லவா?

கொஞ்ச நாள் கழித்து நான் ஒன்றைக் கவனித்தேன். கம்பெனிப் புகைபோக்கியின் நிழல் உச்சி வெயிலில் சுருங்கி அதன் காலடியில் கிடக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மதியச் சங்கு ஊதிவிடும். இப்போது நிழல் மெல்லக் கிழக்கே நகர ஆரம்பித்த பிறகுதான் ஊதியது. வேட்டிகளை அலசிப் பிழிகிற நேரம் மட்டும் தள்ளி. பாய்லர் கட்டடத்தின் பின்சுவரில், குழாய்க்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கரி படிந்த கம்பி. ஒரு நாள் கடைசித் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. நகர்ந்தது. உடனே சங்கு ஊதியது.

ஊர் முழுக்க அன்றிலிருந்து கொஞ்சம் தாமதமாகத்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டது. யாருக்கும் தெரியாது. டைம் ஆபீஸ் கெடிகாரத்தையே சங்கைக் கேட்டுத்தான் திருத்துவார்கள். மஸ்தான் பாய் மட்டும் சுவர் மேல் உட்கார்ந்து தன் கெடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார், உதறுவார், காதில் வைத்துப் பார்ப்பார். "ரொம்ப வேகமா ஓடுதுப்பா இது" என்பார். பாரிமுனைக்கு பஸ் ஏறிப்போய் அதை ரிப்பேருக்குக் கொடுத்தார். கடைக்காரன் ஏதோ செய்து கொடுத்தான். மறுநாளும் வேகமாகத்தான் ஓடியது. வெள்ளைக்காரன் சாமானே இப்படித்தான் என்று தாசு மாமா தேற்றினார்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார், கை கழுவுவார், படுப்பார். நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நின்றுபோயிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. எங்களுக்குள் இருந்த பேச்சில் பெரிய பேச்சு அதுதான்.

பிறகு நாங்களும் மாறினோம். துணியை ஊறவைத்துவிட்டு நானும் பாக்கியம் அக்காவும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போடுவோம். லைனுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். புருஷனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமியாரை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ரொம்ப நன்றாக வரும். அந்தத் தண்ணீரில்தான் ஏதோ இருந்திருக்கிறது.

பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மூவரில் யாரும் நூறு வயதை எட்டவில்லை. மஸ்தான் பாய் இறந்தபோது, ஆட்டுக்குட்டிச் சண்டைக்காரத் தம்பி வந்து மையத்துக்கு எல்லாருக்கும் முன்னால் தோள் கொடுத்தார். கம்பெனி பாய்லரை மாற்றியது. குழாயை உள்ளே திருப்பிவிட்டார்கள். தொட்டி கொஞ்ச காலம் வறண்டு கிடந்தது. பிறகு கம்பெனியையே மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. லைன் வீடு இல்லை, புகைபோக்கி இல்லை, அதன் நிழலும் இல்லை. அவர் போயும் வருஷங்கள் ஆகின்றன. கடைசி வரைக்கும் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை.

அறிவுரைக்குக் குறைவில்லை. தெருச் சங்கத்தில் அடுத்த வருஷமும் கூட்டம் உண்டாம். மைக் வாங்க ஆள் இருக்கிறது, சால்வைக்கும் ஆள் இருக்கிறது.

கீசரில் தண்ணீர் நன்றாகக் காய்கிறது. சோப்பும் நுரைக்கிறது. சிவப்பு விளக்கு அதன் நேரத்துக்கு அணைந்துவிடும். நான் குளித்து முடித்தேனா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.